ஃபீபியின் மாத்திரை

தோலில் குறை கண்டுபிடிக்கிறதில் தேவானந்தத்தை மிஞ்ச ஆம்பூரில் ஆள் கிடையாது என்று அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் சொல்வார்கள். பதனிட்டு வருகிற ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறின கோடு, உரிக்கிறவன் கத்தி தவறின இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவான். இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அவன் தள்ளிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சு பேசமாட்டார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத் தன் மகளிடம் ஒரு குறையும் தெரியவில்லை. ஃபீபி பிறந்தபோது கையும் காலும் கொழுகொழுவென்று, பார்க்கிறவர்கள் திருஷ்டி கழிக்கச் சொல்லும்படி இருந்தாள்.

அவன் மனைவி கிருபா ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். தெருவில் எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். வீட்டுக் கடிகாரம் என்றைக்காவது முன்னே பின்னே ஓடினாலும் ஓடும், கிருபா ஓடமாட்டாள். ஊசி போட்ட இடத்தை இத்தனை நேரம் அழுத்த வேண்டும் என்றால் அத்தனை நேரமும் அழுத்துவாள். மருந்து விஷயத்தில் அவளிடம் சலுகை கேட்டு வாங்கின நோயாளி ஒருவனும் கிடையாது.

ஃபீபிக்கு ஆறு மாதமாக இருக்கும்போது தடுப்பூசி போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு இடது கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. காய்ச்சலில் வருகிற ஃபிட்ஸ், பயப்பட வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதம் வலது பக்கம் இழுத்தது. அதற்கப்புறம் காய்ச்சல் வந்தால் இழுக்கும், வெந்நீரில் குளிப்பாட்டினால் இழுக்கும், கோடையில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால்கூட இழுக்கும் என்று ஆகிவிட்டது. இரு பக்கத்துச் சொந்தமும் கூடி உட்கார்ந்து, இது எந்த வீட்டு ரத்தத்தில் வந்தது என்று ஆராய்ச்சி பண்ணியது. இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார். முதலில் சிரப், பிறகு மாத்திரை. அந்தக் காலத்தில் யாரிடம் போயிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். நல்ல மருந்து. எத்தனையோ பேர் அதைப் போட்டுக்கொண்டு வலிப்பு நின்று, கல்யாணம் காட்சி என்று நன்றாக இருக்கிறார்கள். ஃபீபிக்கு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை இழுத்தபோதும் கிருபாவின் முதல் கேள்வி ஒன்றுதான்.

"காலைல மாத்திர குடுத்தீங்களா?"

"குடுத்தேன் கிருபா."

"நேரத்துக்கு?"

"நேரத்துக்குத்தான்."

நர்சிங் ஹோமுக்கு வலிப்போடு வருகிறவர்களில் பாதிப்பேர் மாத்திரையை விட்டவர்கள்தான். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினவள் அவள். மாத்திரை விட்டால் வலிப்பு வரும், வலிப்பு வந்தால் மாத்திரை போதவில்லை. இந்த இரண்டுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளை வளர வளர டாக்டரும் அளவை ஏற்றிக்கொண்டே போனார். மூன்று வயதில் ஃபீபி நடந்தாள், ஆனால் அடிக்கடி விழுந்தாள். 'ப்பா', 'பால்', 'தா' என்று ஏழெட்டு வார்த்தைகள் இருந்தன. அதற்கு மேல் ஏறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தேவானந்தம் ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். குடும்பத்தோடு போகிற சபை ஒன்று ஏற்கெனவே இருந்தது. கல்லால் கட்டின பழைய கோயில், எழுதிவைத்த ஜெபம், மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் உட்கார வேண்டும். கிருபாவுக்கு அது சரியாக இருந்தது. பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இழுக்கிற தகப்பனுக்கு அது போதவில்லை. தகரக் கொட்டகை போட்ட ஜெப வீட்டில் கைதட்டிப் பாடினார்கள், கண்ணீர் விட்டார்கள், பிள்ளையின் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார்கள். பாஸ்டர் நத்தானியேல் நல்ல மனுஷன்தான். மருந்தை நிறுத்து என்று அவர் வாயால் சொன்னதில்லை. விசுவாசம் முழுசாக இருக்க வேண்டும், பாதி கர்த்தர்மேல் பாதி மனுஷன்மேல் என்று வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைத் தேவானந்தம் தானே சொல்லிக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பது ஜூன் மாதம் கிருபாவுக்கு ஒரு மாதம் நைட் டூட்டி விழுந்தது. சாயங்காலம் போனால் காலையில்தான் வருவாள். இரண்டு வேளை மாத்திரையும் அவன் கையில் வந்தது. முதல் நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு கரண்டியால் நசுக்கிப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டான். அட்டையில் மாத்திரை குறைந்துகொண்டே வரவேண்டும் அல்லவா, கிருபா பார்ப்பாளே. அவ்வளவு கவனமாகத்தான் ஏமாற்றினான்.

முதல் சில நாள் அவனுக்கு உயிர் உடம்பில் இல்லை. பிள்ளை புரண்டு படுத்தால்கூட எழுந்து பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. மாத மத்தியில் ஒரு காய்ச்சலில் லேசாக ஒரே ஒரு தடவை இழுத்து நின்றது, அவ்வளவுதான். அதைவிட ஆச்சரியம், பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் முழித்துப் பார்க்க ஆரம்பித்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம்தான் முதலில் வந்து சொன்னது.

"சிஸ்டர், ஒம் பொண்ணு இன்னிக்கி எங்க ஆட்டப் பாத்து 'ஆடு'ன்னுச்சு. நெசமா. ரெண்டு வாட்டி சொல்லுச்சு."

கிருபா அன்றைக்குத் தூங்காமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். போன மாதம் டாக்டர் அளவை ஏற்றியிருந்தார். "ஏத்தின டோஸ் வேல செய்துங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவளுக்கு ஒரு காரணத்தால் சந்தோஷம், அவனுக்கு வேறு காரணத்தால் சந்தோஷம். அந்த வீடு முழுசாகச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். லீவு நாளில் மூன்று பேரும் வேலூர்க் கோட்டைக்குப் போய், அகழி ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு வந்தார்கள்.

சுகம் கிடைத்தவன் சபைக்கு முன்னால் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அது ஜெப வீட்டில் வழக்கம். சொல்லாமல் மறைத்தால் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று பயம். தேவானந்தம் அந்தப் பயத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாவையும் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளை நன்றாக இருக்கிற நன்றியில் அவளும் மறுக்காமல் வந்து, பெண்கள் பக்கம் பாயில் ஃபீபியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"ஸ்தோத்திரம். எம் பொண்ணுக்கு ஒரு மாசமா நான் மாத்திர குடுக்கல. ஒரு மாத்திரகூட குடுக்கல. கர்த்தர் அவள சுகமாக்கிட்டாரு."

கொட்டகையே அல்லேலூயா என்றது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கிருபா எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தாள். அவன் ஓடிவந்து தெருமுனையில் பிடித்தான்.

"நெசமாவா?" என்றாள்.

"நெசந்தான். நீயே பாத்தியே, எப்டி இருக்கான்னு."

அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். வீட்டுக்குப் போனதும் டாக்டருக்கு போன் பண்ணினாள். உடனே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே ஏற்றின அளவில் மாத்திரையை ஃபீபியின் வாயில் போட்டாள். அந்த வாரமே பழையபடி இழுக்க ஆரம்பித்தது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஆரம்பித்த வலிப்பு நிற்கவே இல்லை. முனவ்வர் பேகத்தின் தம்பி ஆட்டோவை எடுத்துவர, மாதனூர், பள்ளிகொண்டா என்று ஊர் ஊராகத் தாண்டி வேலூர் போய்ச் சேர்கிறவரைக்கும் பிள்ளையின் உடம்பு கிருபாவின் கையில் வெட்டிக்கொண்டே இருந்தது.

"மாத்திரைய நடுவுல நிறுத்தினீங்களா?" என்று அவசரப் பிரிவில் கேட்டார்கள்.

"இவர்தான் நிறுத்தினாரு" என்றாள் கிருபா.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். மருத்துவத்தில் அது உண்மையும்கூட. அதனால் அதை அங்கே யாரும் சந்தேகப்படவில்லை.

நெடுநாள் கழித்து வீட்டுக்கு வந்த ஃபீபி வேறு ஃபீபி. ஆடு போய்விட்டது, பால் போய்விட்டது, ப்பாவும் போய்விட்டது. முழங்கால் மடங்கின மாதிரி நடந்தாள், கொஞ்ச தூரம்தான். மாத்திரை இல்லாமல் ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்று தேவானந்தம் ஒரே ஒரு தடவை கேட்டான். "ஒடம்புல தங்கி இருந்த மருந்து தீர்ற வரைக்கும் தாங்குச்சி" என்றாள் கிருபா. அவள் படித்தவள், அவன் நம்பினான். பாஸ்டர் நத்தானியேல் வீட்டுக்கு வந்து, சிஸ்டர் அவிசுவாசப்பட்டதால் வந்த வினை என்று இழுத்தார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் ஜெப வீட்டுப் பக்கமே அவன் போகவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, இரவில் பக்கத்தில் படுப்பது எல்லாம் அவன் எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை, தானாக எடுத்துக்கொண்டான். பிராயச்சித்தம் என்று அவனே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். மாத்திரை மட்டும் கிருபாவிடம். பீரோவில் பூட்டி, சாவியைத் தாலிச் செயினில் கோத்துக்கொண்டாள். நைட் டூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏதோ ஒரு சண்டையில், "நீங்க நிறுத்தாம இருந்திருந்தா எம் பொண்ணு இன்னிக்கி ஸ்கூலுக்குப் போயிருப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதே அவனுக்கு ஆயுசுக்கும் போதுமாக இருந்தது.

எட்டு வருஷம் இப்படியே ஓடியது. இரண்டாயிரத்து ஏழில், வேலூரில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம் யாரோ அனுப்பினார்கள். அவர் ஃபீபியின் கதையை முதல் ஊசியிலிருந்து பொறுமையாகக் கேட்டார். மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். சில மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபீபியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு இருவரும் போனார்கள்.

"மூளையில ரெண்டு வகை நரம்பு செல் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு கெளம்புன்னு சொல்றது. இன்னொண்ணு நில்லுன்னு சொல்றது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஈடாருந்தாத்தான் பிள்ள பேசும், நடக்கும், தூங்கும். ஃபீபிக்கு ஒரு ஜீன்ல கோளாறு. அதனால நில்லுன்னு சொல்ற செல்லுங்க பாதி பலத்துலதான் வேல செய்து. கெளம்புன்னு சொல்றத தட்டிக்கேக்க ஆள் இல்ல. அதான் வலிப்பு."

தேவானந்தத்துக்குத் தொழிற்சாலையில் தோல் ஊறப்போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம் ஞாபகம் வந்தது. ஒரு தடவை அதன் பிரேக் தேய்ந்து, மோட்டாரை அணைத்த பிறகும் அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாராலும் கிட்டே போக முடியவில்லை.

"இது எங்க ரெண்டு பேர்ல யார்கிட்டருந்து வந்துச்சி டாக்டர்?" என்று கேட்டான்.

"உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்ல. இவளுக்குப் புதுசா வந்தது. யார்மேலயும் தப்பு இல்ல."

பத்துப் பதினோரு வருஷமாக இரண்டு குடும்பமும் அடித்துக்கொண்ட விஷயம் அவ்வளவு சுருக்கமாக முடிந்துவிட்டது. அவன் மூச்சு விட்டான். டாக்டரம்மா மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இத மாத்தணும். இது எல்லா செல்லையும் கொஞ்சம் அடக்கிவெக்கிற மருந்து. மத்தவங்களுக்கு நல்லது. இவளுக்கு, ஏற்கெனவே சோந்து கெடக்குற நில்லு செல்லையும் சேத்து அடக்கிடும். வலிப்பு கம்மியாகறதுக்குப் பதிலா ஜாஸ்தியாகும். எங்களுக்கே கொஞ்ச வருஷமாத்தான் இது சரியாத் தெரியும்." பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "நடுவுல எப்பனா இந்த மாத்திர விட்டுப்போச்சா? அப்ப எப்படி இருந்தா?"

தேவானந்தம் கிருபாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. எட்டு வருஷமாக அவன் காதால் கேட்க ஆசைப்பட்ட கேள்வியை யாரோ கடைசியில் கேட்டுவிட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தலையில் இருந்தது இறங்கிவிடும். இறங்கி எங்கே போய் உட்காரும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

"ஞாபகம் இல்லீங்க" என்றான்.

"நல்லா இருந்தா" என்றாள் கிருபா.

அவள் குரல் வார்டில் ரிப்போர்ட் சொல்கிற குரலாக இருந்தது. "ஒரு மாசம் குடுக்கல. அந்த மாசம் ஒரு ஃபிட்ஸ்தான். பேச்சு வந்துச்சி. நாந்தான் திரும்ப ஆரம்பிச்சேன். அடுத்த வாரம் ஐசியு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நீங்கன்னு இல்ல, அன்னிக்கி யாரா இருந்தாலும் ஆரம்பிச்சிருப்பாங்க. நானா இருந்தாலும்" என்றார். கிருபா தலையாட்டினாள். அவளே எத்தனையோ பேரிடம் அந்த மாதிரி ஆறுதல் சொன்னவள்தான், அதற்கு எவ்வளவு மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா.

"இப்ப மாத்திட்டா பேச்சு வருமா டாக்டர்?" என்று தேவானந்தம் கேட்டான்.

"ஃபிட்ஸ் கம்மியாகலாம். போனது திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன்."

பழைய மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, புது மருந்து ஏற ஏற இதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், அதுவரைக்கும் இரண்டு வேளையும் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. தேவானந்தத்துக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஏதோ குதித்தது. அடுத்த கணம் கோபம் வந்தது. அவசரப் பிரிவில் அத்தனை பேர் முன்னால் கைகாட்டினாளே, பீரோவைப் பூட்டினாளே, அந்த எட்டு வருஷத்தைக் கொடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. திரும்பினான். கிருபா ஃபீபியின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கேட்கிற எண்ணம் போய்விட்டது. அப்படியானால் அன்றைக்குச் சுகமாக்கினது கர்த்தரா, இல்லை மாத்திரை நின்றதுதானா, நிறுத்தச் சொன்னது யார் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தான். எதுவும் பிடிபடவில்லை. யாராக இருந்தால் என்ன, எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளை எச்சில் ஒழுக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் துடைத்துவிட்டான்.

"எதுனா சாப்புட்றியா?" என்று கிருபாவைக் கேட்டான்.

"வேணாம்."

வீட்டுக்கு வந்தபோது மாத்திரை வேளை ஆகியிருந்தது. கிருபா கைகால் கழுவிக்கொண்டு, பீரோவைத் திறந்து அட்டையை எடுத்து, டாக்டரம்மா சொன்ன அளவுக்கு பிளேடால் மாத்திரையை வெட்டினாள். தண்ணீர் டம்ளரோடு ஃபீபியின் முன்னால் போய் மண்டியிட்டாள். ஃபீபி மாத்திரையைப் பார்த்ததும் தானாகவே வாயைத் திறந்தாள். கிருபாவின் கை பாதி தூரம் போய் நின்றது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி குத்தின கை அது.

"என்னால முடியலங்க" என்றாள். "தெரிஞ்சே எப்டிங்க குடுக்கறது."

"டாக்டர் சொன்னாங்க இல்ல, ஒடனே நிறுத்தக்கூடாதுன்னு."

"தெரியும். எனக்குத் தெரியாதா. முடியல."

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை ஃபீபியின் நாக்கில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். சிந்தாமல் முழுங்கினாள்.

முழுங்கினதும் ஃபீபி மறுபடி வாயை அகலத் திறந்தாள். நாக்கை மேலே தூக்கினாள், இடது பக்கம் காட்டினாள், வலது பக்கம் காட்டினாள். எங்கேயும் ஒதுக்கி வைக்கவில்லை, பார்த்துக்கொள் என்று. இத்தனை வருஷத்தில் கிருபா பழக்கி, போகாமல் நின்ற பழக்கம் அது ஒன்றுதான். காட்டி முடித்தால் கிருபா கன்னத்தைத் தட்டி, சமத்து என்பாள். கொடுத்தது அப்பாவாக இருந்தாலும் ஃபீபி பார்த்தது அம்மாவைத்தான். கிருபாவுக்கு அந்த வார்த்தை வரவில்லை. அது வரட்டும் என்று ஃபீபி வாயை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.